இரவுக் கூத்தைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஆட்டம், விளக்குத் துடிப்பு, ஒலி உடைவு: எங்கே தவறு?

செய்யாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அக்னி வசந்த விழாவில் இரவு முழுக்க நடக்கும் தெருக்கூத்தைப் பதிவு செய்துவருகிறேன். மூன்று இரவு எடுத்தாயிற்று, இன்னும் நான்கு இரவு பாக்கி. இதுவரை எடுத்ததைக் கணினியில் போட்டுப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது.

கேமரா: 4கே ஹேண்டிகேம், 20 மடங்கு ஆப்டிகல் ஜூம், மைக் ஜாக்கும் ஹெட்போன் ஜாக்கும் உண்டு. மாமா அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்தது. 4கே, 30 ஃபிரேம், 60 எம்பிபிஎஸ், மற்ற எல்லாம் ஆட்டோ. கூட்டம் நெருக்கி உட்கார்ந்திருப்பதால் முக்காலி வைக்க வழியில்லை. பின்னால் நின்று ஜூம் போட்டுத்தான் எடுத்தேன்.

1. படம் ஆடுகிறது. ஷாட்கட் எடிட்டிங் மென்பொருளில் ஸ்டெபிலைஸ் போட்டால் ஆட்டம் குறைகிறது, ஆனால் களரியே (கூத்து ஆடும் இடமே) ஜெல்லி மாதிரி நெளிகிறது.
2. டியூப்லைட், எல்ஈடி வெளிச்சத்தில் படம் துடிக்கிறது. கறுப்புப் பட்டை குறுக்கே தாவித் தாவி ஓடுகிறது. கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.
3. வேஷக்காரர் முகம் வெளுத்துப்போய் அரிதாரமே தெரியவில்லை.
4. மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து வயர் எடுத்து மைக் ஜாக்கில் சொருகினேன். முழுக்கக் கரகரப்பு.

லேப்டாப்பில் 8 ஜிபி ராம். புதிதாக எதுவும் வாங்க வழியில்லை. பாக்கி இரவுகளையாவது ஒழுங்காக எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிழற்குடை:

தம்பி, முதல் குற்றவாளி ஜூம். கணக்கைப் பாருங்கள். இந்த வகை கேமராவில் வைட் பக்கம் (ஜூம் இல்லாமல்) லென்ஸின் குவிய நீளம் 35 எம்எம் ஃபிலிம் கணக்கில் சுமார் 27 எம்எம், 20 மடங்கு ஜூமில் சுமார் 540 எம்எம். கை 0.1 டிகிரி அசைந்தால் 1920 பிக்சல் அகலப் படத்தில் வைடில் இரண்டரை பிக்சல் நகரும். முழு ஜூமில் அதே அசைவு 50 பிக்சல். எவ்வளவு பழகிய கையும் 0.1 டிகிரிக்குள் நிற்காது. கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெடிஷாட் கொஞ்சம் தாங்கும், எல்லாவற்றையும் தாங்காது.

ஜூமால் இன்னொரு நஷ்டமும் உண்டு. இந்தக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸ் திறப்பு வைடில் எஃப்2.0, முழு ஜூமில் எஃப்3.8. அதாவது உள்ளே வரும் வெளிச்சம் மூன்றரை மடங்குக்கு மேல் குறைகிறது. அதை ஈடுகட்ட ஆட்டோ கெயின் (சிக்னலைக் கேமராவே பெருக்குவது) 11 டிபி (டெசிபல்) ஏறும். நிழல் பகுதியில் பொரிப்பொரியாக நாய்ஸ் வந்திருக்குமே, அது இதனால்தான்.

ஆகவே இடத்தை மாற்றுங்கள். கூத்து வாத்தியாரிடம் முன்கூட்டியே பேசி, களரியின் ஒரு பக்கவாட்டில், பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையில் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். வேஷக்காரரிலிருந்து 4, 5 மீட்டர் போதும். அங்கிருந்து வைடிலிருந்து 3 மடங்கு ஜூம் வரைதான், அதற்கு மேல் விரல் போகக் கூடாது. கேமராவில் லைட் மாட்டி ஆடுகிறவர் கண்ணில் அடிக்காதீர்கள். சுற்றி ஆடும்போது அது ஆபத்து.

தரையில் சம்மணம் போட்டு, இரண்டு முழங்கையையும் முட்டிமேல் ஊன்றுங்கள். வலது கைப்பட்டையைப் புறங்கை அழுந்தும் அளவுக்கு இறுக்குங்கள். பட்டை தளர்ந்திருந்தால் விரல் கேமராவைப் பிடிப்பதிலேயே இருக்கும், ஜூம் லீவரைத் தொடும்போதெல்லாம் படம் குலுங்கும். இடது உள்ளங்கை கேமராவின் அடியில். கேமராத் திரையின் விளிம்பைப் பிடித்துத் தாங்காதீர்கள், கீல் ஆட்டம் படத்தில் வரும். நிற்க வேண்டிவந்தால் முழங்கை விலாவோடு ஒட்டட்டும், முழங்கால் லேசாக மடங்கட்டும்.

100 ரூபாய்கூட ஆகாத ஒரு உதவி: கால் அங்குல போல்ட் ஒன்று, இரண்டு மீட்டர் நைலான் கயிறு. போல்ட்டைக் கேமராவின் அடித்துளையில் மாட்டி, கயிற்றை அதில் கட்டி, கீழ் நுனியைக் காலால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி இழுத்தபடி எடுங்கள். கயிறு விறைப்பாக இருக்கும்வரை மேல்கீழ் ஆட்டம் பெருமளவு அடங்கும். போல்ட் வாங்கும்போது கவனம்: அங்குலத்துக்கு 20 மரை உள்ளதுதான் சேரும். 6 எம்எம் மெட்ரிக் போல்ட் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும், பிறகு இறுகும். அங்கே பலம் போட்டால் கேமராவின் மரை போய்விடும். துளைக்குள் 5 எம்எம்முக்கு மேல் போகவும் கூடாது. மீதி நீளத்துக்கு இரண்டு வாஷரும் ஒரு நட்டும் போட்டு நிறுத்துங்கள்.

எடுக்கும் முறை: ஒரு ஃபிரேமை வைத்தால் குறைந்தது 10 விநாடி அசையாதீர்கள். வேஷக்காரர் ஃபிரேமை விட்டு வெளியே போனால் போகட்டும், திரும்பி வருவார். துரத்தினால்தான் ஆட்டம். வேண்டிய பகுதிக்கு முன்னும் பின்னும் 5 விநாடி கூடுதலாக ஓடட்டும், எடிட்டில் அந்த விநாடிகள்தான் கைகொடுக்கும்.

முகம் வெளுப்பது: பின்னால் முழு இருட்டு, நடுவே ஒரு முகம். ஆட்டோ எக்ஸ்போஷர் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைத் தூக்கிவிடுகிறது. மேனுவலுக்கு மாற்றி, முதல் வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்று பாடும்போது அளவை அமையுங்கள். ஜீப்ரா (அளவுமீறி வெளுக்கும் இடத்தில் வரி போட்டுக் காட்டும் வசதி) இருந்தால் 100ல் வையுங்கள். கிரீடத்திலும் மார்புப் பதக்கத்திலும் உள்ள கண்ணாடித் துண்டுகள் மட்டும் வரி போடலாம், கன்னத்தில் ஒரு வரிகூட வரக்கூடாது. சிவப்பு வேஷத்துக்கு ஜீப்ராவை நம்பாதீர்கள். ஜீப்ரா பார்ப்பது மொத்தப் பிரகாசத்தை. எச்டி கணக்கில் அதில் சிவப்பின் பங்கு சுமார் 21 சதவீதம்தான். சிவப்பு உச்சியில் முட்டி நின்றாலும் வரி வராது, கன்னம் மட்டும் மேடுபள்ளம் தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். சிவப்பு முகம் வந்தால் இன்னும் அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி).

வெள்ளைச் சமநிலையை அங்கே எரியும் விளக்கின் கீழ் ஒரு வெள்ளை வேட்டியைக் காட்டி ஒன்-புஷ்ஷில் (ஒரே தட்டில் அமைக்கும் வசதியில்) பூட்டுங்கள். ஃபோகஸும் மேனுவல்தான். வைடில் 5 மீட்டரில் நிறுத்தினால் சுமார் 3 மீட்டரிலிருந்து அந்தக் கோடி வரை தெளிவாகவே இருக்கும், சென்சார் சின்னது. ஆட்டோவில் விட்டால் திரை பிடிக்கும்போதும், கற்பூரப் புகை வரும்போதும் லென்ஸ் தேட ஆரம்பித்துவிடும்.

---

மின்கம்பி:

துடிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: கேமரா அமெரிக்காவிலிருந்து வந்தது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். அமெரிக்கக் கேமரா விநாடிக்கு 29.97 ஃபிரேம் எடுக்கும், ஆட்டோவில் ஷட்டர் (ஒரு ஃபிரேமில் ஒளி பதியும் நேரம்) பெரும்பாலும் 1/60 விநாடி. அந்த 1/60 விநாடிக்குள் விளக்கின் துடிப்பு ஒன்றே முக்கால் வாசிதான் அடங்கும். ஒரு ஃபிரேமுக்கு மேடு கூடுதலாகக் கிடைக்கும், அடுத்ததற்குப் பள்ளம். ஏறக்குறைய மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை இதே கதை திரும்பி வருவதால் விநாடிக்குப் பத்துத் துடிப்பு கண்ணில் அறைகிறது. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் அதுவே பட்டையாகவும் தெரிகிறது. இங்கே விற்கும் 25 ஃபிரேம் கேமராவில் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக நான்கு துடிப்பு, அதனால் அங்கே இந்தத் தொல்லை எழுவதில்லை.

மருந்து: ஷட்டரை 1/50ல் பூட்டுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுதாக இரண்டு துடிப்பு, கணக்கு நேராகிவிடும். 30 ஃபிரேமில் 1/50 தாராளமாகப் போடலாம். 60 ஃபிரேமில் எடுத்தால் முடியாது, ஒரு ஃபிரேமின் நேரமே 1/60தான். அப்போது 1/100 ஒன்றே வழி.

இரண்டு விதிவிலக்கு. ஒன்று, ஜெனரேட்டர். சுமை ஏறியிறங்கும்போது அது 49, 51 என்று அலையும். 1/50லும் மெல்லிய பட்டை ஒன்று மெதுவாக நகரலாம், பெரிதாக உறுத்தாது. இரண்டு, டிம்மர் வைத்த கலர் எல்ஈடி. அதன் துடிப்பு மின்சாரத்தின் கணக்கில் வராது, ஷட்டரால் தீராது. லைட்காரரிடம் டிம்மரை முழுதாக ஏற்றிவைக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் அதிகமென்றால் விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். குண்டு பல்பில் கவலையே இல்லை, இழை சூடாகவே இருப்பதால் ஒளி அதிகம் மங்கி எழாது.

ஏற்கெனவே எடுத்த மூன்று இரவுக்கு: டீஃப்ளிக்கர் வகை ஃபில்டர் மொத்தப் படத்தின் வெளிச்ச ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். பட்டையை எடுக்காது.

---

ஒலிக்கூடம்:

மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு. மைக் ஜாக் எதிர்பார்ப்பது அதைவிட நூறு மடங்கு வரை சிறிய மின்னழுத்தம். வாசலிலேயே நசுங்கிவிடுகிறது, அதனால் கேமராவுக்குள் ஒலி அளவைக் குறைத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. மூன்று இரவின் அந்த ஒலி மீளாது.

இனி இரண்டு வழி. கேமராவிலேயே வேண்டுமென்றால் நடுவே 40 டிபி குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள். ரேடியோ கடையில் ரெசிஸ்டர் வாங்கியும் செய்யலாம்: சிக்னல் வயரில் தொடராக 10 கிலோ ஓம், ஜாக் பக்கம் சிக்னலுக்கும் எர்த்துக்கும் குறுக்கே 100 ஓம். இரண்டு சேனலுக்கும் தனித்தனி. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: யாரிடமாவது சின்ன வாய்ஸ் ரெக்கார்டர் லைன்-இன் வசதியோடு இருந்தால் இரவல் வாங்கி, மிக்ஸரின் ரெக் அவுட்டில் மாட்டிவிடுங்கள். கேமராவுக்கும் மிக்ஸருக்கும் நடுவே வயர் கிடந்தால் கூட்டத்தில் யாராவது காலில் சிக்கும்.

அளவு: ஆட்டோவை அணையுங்கள். ஆட்டோவில் மத்தள அடி விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கி எழும். கட்டியங்காரன் கத்திப் பேசும் இடத்தில் உச்சம் மைனஸ் 12 டிபியைத் தாண்டாதபடி வையுங்கள். நள்ளிரவுக்கு மேல் மைக்செட்காரர் மாஸ்டரை ஏற்றுவார், அந்த இடைவெளி அதற்காகத்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் என்றால் ஸ்டீரியோ மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 16 ஜிபி கார்டு தாராளம்.

மிக்ஸரில் மைக் வைத்தவர்கள் குரல் மட்டும்தான் வரும். சலங்கை வராது, சிரிப்பு வராது. கேமராவின் சொந்த மைக் ஒலியையும் வைத்துக்கொண்டு, அதை மிக்ஸர் ஒலியைவிட 12 முதல் 15 டிபி தாழ்த்திச் சேருங்கள். சலங்கை இல்லாத கூத்து ரேடியோ நாடகம் மாதிரி ஆகிவிடும்.

ரெக்கார்டர் ஒலியைப் படத்தோடு பொருத்த: எடுக்கும்போதே ஒவ்வொரு க்ளிப்பின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டு. இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே 8 மணி நேரத்தில் அரை விநாடிக்கு மேல் விலகும். ஒரே இடத்தில் பொருத்திவிட்டு முழு இரவையும் நம்பக் கூடாது.

---

தறிநாடா:

எடிட் பக்கம் நான் பார்க்கிறேன். முதலில் மின்கம்பிக்கு ஒரு மறுப்பு. ஸ்டெபிலைஸ் செய்யப்போகும் காட்சி என்றால் 1/50 பிரச்சினை. மென்பொருள் ஃபிரேமை நகர்த்தி நேராக்கும். அந்த ஃபிரேமுக்குள் ஏற்கெனவே பதிந்த இழுவலை அதனால் துடைக்க முடியாது. கேமரா அசையாமல் நிற்பதுபோல் தெரியும், ஆனால் படம் நடுநடுவே காரணமில்லாமல் மங்கித் தெளியும். வெளிச்சம் இருந்தால் 1/100 போடுங்கள். அதிலும் துடிப்பு வராது.

ஜெல்லிக்குக் காரணம் அந்த வரிவரிப் படிப்பேதான். மேல் வரி படித்ததற்கும் கீழ் வரி படிப்பதற்கும் நடுவே கை அசைந்தால் செங்குத்துக் கம்பம் சாய்ந்து பதியும். சாதாரண ஸ்டெபிலைசர் ஃபிரேமை மொத்தமாகத்தான் தள்ளும், திருப்பும். நெளிவு அப்படியே தங்கும், ஆட்டம் அடங்கியதால் முன்பைவிட நன்றாகத் தெரியும். ஜூமில் எடுத்த துண்டுகளை ஸ்டெபிலைஸ் செய்யாமல் விட்டுவிடுங்கள். இயல்பான நடுக்கத்தைக் கண் மன்னிக்கும், நெளிவை மன்னிக்காது.

வைட் காட்சிகளில் போடலாம். முதலில் வேண்டிய பகுதியை வெட்டித் தனிக் கோப்பாக்கி, அதன்மேல் மட்டும் அனலைஸ் ஓட்டுங்கள். ஷேக்கினஸ் (படம் எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) 4 அல்லது 5. ஸ்மூதிங் 15 என்றால் முன்னே 15 ஃபிரேம், பின்னே 15, நடுவில் ஒன்று, ஆக 31 ஃபிரேமின் சராசரிப் பாதையில் கேமரா நகரும். உங்களுக்கு அது ஒரு விநாடி. 40, 50 என்று ஏற்றினால் ஓரம் அதிகம் வெட்டுப்படும், படம் மிதக்கும். வேஷக்காரர் ஃபிரேமில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் மென்பொருள் அவரையே அசையாத பொருளாக எடுத்துக்கொள்ளும். அவர் நிற்பார், பின்னால் பெஞ்சும் ஆர்மோனியமும் ஊசலாடும். அந்தத் துண்டில் ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.

புராஜெக்ட்டை 1080, 29.97 ஃபிரேமில் வையுங்கள். ஊர் வழக்கம் என்று 25க்கு மாற்றாதீர்கள். ஆறில் ஒரு ஃபிரேம் உதிர்ந்து சுற்றாட்டம் தத்தித் தத்தி வரும். 4கே படத்தை 1080ல் போடுவதால் இரண்டு மடங்கு வரை உள்ளே போய்ப் புது ஃபிரேம் எடுக்கலாம், தெளிவு குறையாது. நெருக்கக் காட்சிக்காக அங்கே ஜூம் செய்ய வேண்டிய தேவையே பாதி குறைகிறது. 8 ஜிபி ராமுக்கு ப்ராக்ஸியை (எடிட்டுக்கான சின்ன நகலை) இயக்கிவிட்டு எடிட் செய்யுங்கள், கடைசி எக்ஸ்போர்ட் அசல் கோப்பிலிருந்து போகும். இடையில் செல்போன் க்ளிப் சேர்த்தால் முதலில் அதை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் உதடும் குரலும் போகப்போக விலகும்.

வெட்டும் இடம்: அடி முடிந்து தாளம் விழும் ஃபிரேமில், அல்லது பின்பாட்டு வாங்கிப் பாடத் தொடங்கும் இடத்தில். சுற்றாட்டத்தின் நடுவே வெட்டாதீர்கள். அங்கே நீளமான ஒரே வைட்தான் அழகு, ஆடுகிறவரின் மூச்சும் உழைப்பும் அதில்தான் தெரியும். வெட்டை மறைக்கத் துண்டுக் காட்சிகள் வேண்டும்: முகவீணைக்காரர் கன்னம், கால் சலங்கை, அம்மா மடியில் தூங்கும் குழந்தை. மத்தளக் கையை மட்டும் வேறு இடத்து ஒலிமேல் போடாதீர்கள், தாளம் தெரிந்த எவரும் உடனே கண்டுபிடிப்பார்கள்.

---

செய்யாற்றங்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மெனுவில் தேடினேன். ஷட்டர் பட்டியலில் 1/60க்கு அடுத்து 1/100தான் இருக்கிறது, 1/50 இல்லை. 1/100 போட்டால் இருட்டிவிடுமா? இன்னொன்று, பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்கிறது. சார்ஜரையே சொருகி வைக்கலாமா?

---

நிழற்குடை:

1/100 போடுங்கள் தம்பி. 1/60ஐவிட முக்கால் ஸ்டாப்தான் நஷ்டம், கெயினில் நாலரை டிபி. ஜூமை விட்டு வைடுக்கு வருவதில் 11 டிபி மிச்சமாகிறதே, அதில் இது போக இன்னும் கையில் நிற்கும். ஏஜிசி லிமிட் (ஆட்டோ கெயினுக்கு உச்சவரம்பு) மெனு இருந்தால் 18 டிபியில் கட்டிவிடுங்கள். கொஞ்சம் இருட்டான படத்தை எடிட்டில் தூக்கலாம், பொரிந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. தறிநாடா சொன்னதும் இதில் நடந்துவிடுகிறது.

சார்ஜர் சொருகலாம், ஆனால் பேட்டரியைக் கழற்றாமல். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற நிறுத்தும்போது கேமரா பேட்டரியில் தொடரும். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடி, நடுவில் கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருந்த கோப்பு மூடப்படாமல் கெட்டுப்போகும்.

கார்டுக் கணக்கு: 60 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 27 ஜிபி. 128 ஜிபி கார்டு நாலரை மணி நேரம். முழு இரவுக்கு இரண்டு வேண்டும். நள்ளிரவுக்கு மேல் ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்த வேஷத்துக்குத் திரை பிடிக்கும் முன், கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்கும்போது கார்டை மாற்றிவிடுங்கள். மாற்றியதும் ஒரு கைதட்டு, மறக்காமல்.

---

ஒலிக்கூடம்:

கைதட்டு ஆட்டத்தின் நடுவே சங்கடமாக இருந்தால் வேண்டாம். தாளக்காரர் ஒரு அடியைப் போடுவது கேமராவில் தெளிவாகத் தெரிந்தாலே போதும், அந்த ஃபிரேமை ஒலி அலையில் அங்கே எழும் முள்ளோடு பொருத்திவிடலாம்.